டிரம்முக்கு பிளக் கிடையாது

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. அவளுக்கு மத்திய அரசு நிறுவனத்தில் வேலை. வெளியே மேடை ஏறுவதென்றால் அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். "மனுவுல இன்னான்னு எழுதறது? பரதநாட்டியம்னா உடனே கையெழுத்து போட்டுருவாங்க. பங்க் ராக்குன்னா எந்த நோய்க்கு மருந்துன்னு கேப்பாங்க" என்பாள். அதனால் எங்கள் போஸ்டர் எதிலும் அவள் பெயர் வந்ததில்லை. ஹைதராபாத்தில் பங்க் கேட்கிற ஆட்கள் மொத்தமாக ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடுவார்கள். அத்தனை பேருக்கும் அவள் அக்காதான்.

குச்சிகள் இரண்டையும் ஒன்றோடொன்று தட்டி நாலு எண்ணுவாள். எண்ணிவிட்டால் அவ்வளவுதான், பாட்டு முடிகிறவரை நிறுத்தமாட்டாள். குச்சி ஒடிந்திருக்கிறது, சிம்பல் தட்டு ஸ்டாண்டோடு சாய்ந்திருக்கிறது, ஒருமுறை மேடையின் பலகையே ஒரு பக்கம் இறங்கியது. அவள் நிறுத்தி நான் பார்த்ததில்லை. எடுத்த காரியம் எதையும் பாதியில் விடுகிற குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் பாதி கட்டிய மாடி ஒன்று இன்றைக்கும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. என் கண்ணுக்கு அக்கா வேறு ஏதோ ஜாதி உயிராகத்தான் தெரிந்தாள்.

நான் பாளையங்கோட்டைக்காரன். கம்ப்யூட்டர் வேலைக்காக ஹைதராபாத் வந்து திருமுல்கேரியில் ஒரு வீடு பிடித்திருந்தேன். முப்பத்திரண்டு வயது. கல்லூரியில் வாங்கிய பேஸ் கிட்டார் ஒன்று பரணில் கிடந்தது. செகந்திராபாத்தில் வாத்தியக் கடை ஒன்றின் கண்ணாடியில் 'பேஸ் வாசிக்க ஆள் தேவை. நேரத்துக்கு வர வேண்டும். மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை காலை பாலாநகருக்குப் போனேன்.

பாலாநகரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இரும்பு வெட்டுகிற சத்தம்தான். ஒரு தகர ஷெட்டில் டிரம் செட் இருந்தது. அதன் பக்கத்தில் பருத்திச் சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக, கொண்டை போட்ட ஓர் அம்மாள் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஷெட்டின் சொந்தக்காரி போல என்று நினைத்து, "மேடம், டிரம்மர் எப்ப வருவாரு?" என்று இந்தியில் கேட்டேன்.

"வந்துட்டாரு" என்று இந்தியிலேயே சொல்லி விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து மைக்கோடு ஒருவனும் கிட்டாரோடு ஒருவனும் வந்து நின்றார்கள். நாலு எண்ணினாள்.

அதன் பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் முதுகு நிமிர்கிறது. பங்க் ராக் என்றால் பெரிய வித்தை ஏதுமில்லை. இரண்டு நிமிடப் பாட்டு, கிட்டாரில் மூன்றே மூன்று கோர்டு, நிறையக் கோபம். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் மூச்சு விடாமல் அடித்தாக வேண்டும். அக்கா முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தோளுக்கு மேலே சந்தையில் காய் பொறுக்குகிற பெண்ணின் நிதானம், கீழே வெள்ளம். பாதிப் பாட்டில் நான் ஒரு தப்பு வாசித்தேன். உடனே நிறுத்தி "சாரி" என்றேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டு என்னை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

"தம்பி, நின்னியே, இன்னாத்துக்கு?" என்று கேட்டாள். நான் தமிழன் என்பதை நான் சொன்ன 'சாரி'யிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"தப்பா வாசிச்சுட்டேன்க்கா."

"அதுக்கு? பஸ்ஸு குழில எறங்கிச்சுன்னா டிரைவரு மறுபடி டிப்போலேர்ந்தா ஓட்டினு வருவான்? தப்புனா தப்போடவே வா. வழில சரியாவும்."

அன்றைக்கே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பாடுகிறவன் இம்ரான், பழைய ஹைதராபாத்காரன். தண்ணீர் லாரி வராதது, மேம்பாலம் முடியாதது என்று தெருப்பேச்சு உருதுவில் பாட்டெழுதிக் கத்துவான். கிட்டார் சந்தீப், தெலுங்குப் பையன், என்ஜினியர், எங்களில் இளையவன். அவ்வளவுதான் எங்கள் பான்ட்.

ஷெட்டை அக்கா தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பக்கத்து ஷெட்டில் ஒரு பெரிய பவர் பிரஸ். பீரோவுக்குக் கீல் அடிக்கிற இயந்திரம். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் 'தடங் தடங்' என்று ஒரே சீராக, சுவர் அதிர, மதியம் ஒரு மணி வரை அடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நாங்கள் என்ன கூச்சல் போட்டாலும் புகார் செய்ய ஆளில்லை. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்காக பிரஸ் நிற்கும். நாங்களும் நிறுத்திவிடுவோம், ஏனென்றால் அப்போது எங்கள் சத்தம் மட்டும் தெருவெல்லாம் கேட்கும். இரண்டு மணிக்கு பிரஸ் மறுபடி ஓடும், நாங்களும் ஓடுவோம். ஊரில் எல்லாப் பான்டும் அமைதியான இடம் தேடி அலைந்தது. நாங்கள் இரைச்சலைத் தேடிக் குடியேறியவர்கள்.

அக்கா பிறந்து வளர்ந்தது மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா கூட்ஸ் வண்டி கார்டு, பூர்வீகம் ஜோலார்பேட்டை. பேச்சில் ஜோலார்பேட்டையும் ஹைதராபாத்தும் கலந்தே வரும். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', ஏன் என்பதற்கு 'கைக்கு'. கல்லூரி நாளில், ரயில்வே சங்கக் கூடத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. வாசிக்க வந்த பான்டின் டிரம்மருக்கு மஞ்சள் காமாலை. 'யாராவது சும்மா தட்டிக்கிட்டிருந்தா போதும்' என்று கெஞ்சினார்களாம். அக்கா போய் உட்கார்ந்தாள். "சும்மா தட்டத்தான் போனேன். இன்னும் எந்திரிக்கல" என்பாள்.

அவள் வீட்டுக்காரர் வங்கி ஊழியர், வாயைத் திறந்து பேசாதவர். எங்கள் நிகழ்ச்சிகளுக்கு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருவார். கையில் ஒரு கடப்பைக்கல் இருக்கும். வீட்டில் சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய துண்டு. அக்கா காலால் உதைக்கிற உதையில் பெரிய டிரம் மேடையில் நகர்ந்து நகர்ந்து முன்னால் போய்விடும். அதற்கு அண்டக் கொடுக்கத்தான் அந்தக் கல். அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். "சார், கனமா இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன். "கல்ல தூக்கறது ஈசி சார். அவள நிறுத்தறதுதான் கஷ்டம்" என்றார். அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

ஓர் என்ஜினியரிங் கல்லூரி விழாவில் பிற்பகல் மூன்று மணிக்கு எங்களுக்கு மேடை. இரண்டாவது பாட்டிலேயே பிரின்சிபாலுக்குத் தாங்கவில்லை. நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். வந்தவன் எங்களிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை, நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். கிட்டார் செத்தது, மைக் செத்தது. நான் வழக்கம்போல ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். அக்கா மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தாள். பாட்டில் இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது. மிர்ச்சி பஜ்ஜிக் கடைப் பக்கம் போன பிள்ளைகள் பஜ்ஜியோடு திரும்பி வந்தார்கள். கைதட்டலும் விசிலும் அவள் அடியோடு சேர்ந்துகொண்டன, அந்த இரைச்சலில் அடி பாதிதான் கேட்டது. மேடையேறி வந்த பிரின்சிபால்கூட இடுப்பில் கை வைத்து நின்று முடியட்டும் என்று காத்திருந்தார். கடைசி அடியை அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டு எழுந்து, "மன்னிச்சுக்கோங்க சார், டிரம்முக்கு பிளக் கிடையாது" என்று தெலுங்கில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். அடுத்த வருஷம் எங்களைக் கூப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

இதே அக்கா ஆபீஸில் எப்படி என்று தற்செயலாகத்தான் தெரிந்தது. என் மாடி வீட்டுக்காரர் அவள் நிறுவனத்தில் வேலை செய்கிறவர். விமானத்துக்குள் வைக்கிற மின்னணுப் பெட்டிகள் செய்கிற இடம். அக்கா அங்கே பரிசோதகர். அவள் முத்திரை விழாமல் ஒரு பெட்டி வாசலைத் தாண்டாது. "அந்தம்மாவா? ஐயய்யோ" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார் அவர். ஒருமுறை அவசரமாக அனுப்ப வேண்டிய சரக்கு. பெரிய அதிகாரி பக்கத்தில் நிற்கிறார். அக்கா பூதக்கண்ணாடியில் பார்த்து, ஒரு பற்றவைப்பில் முடி அகலத்துக்கு விரிசல் என்று மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பினாளாம். கெஞ்சியும் மிரட்டியும் பார்த்திருக்கிறார்கள். "மேல போற பொருள் சார். அங்க போய்ப் பழுதுன்னா ஓரமா நிறுத்திப் பாக்க முடியுமா?" என்றாளாம். முத்திரை எப்போதும் அவள் கைப்பையிலேயே இருக்கும், யாருக்கும் தரமாட்டாள் என்றார். அந்தம்மா டிரம்ஸ் வாசிக்கிறார் என்று நான் வாய்தவறிச் சொன்னபோது, நல்லவேளை, அவர் நம்பவில்லை.

அக்காவிடமே கேட்டேன். "அங்க முடி அளவு விரிசலுக்குத் திருப்பி அனுப்புதீங்க. இங்க நான் எவ்வளவு கோணலா வாசிச்சாலும் வா வான்னு கூட்டிட்டுப் போறீங்களே, எப்படிக்கா?"

"அங்க நிறுத்தலாம் தம்பி, இன்னும் பறக்கல. இங்க நாலு எண்ணியாச்சுன்னா பறந்தாச்சு."

அவளுக்கு ஒரே ஒரு குறை உண்டு. அதை மறைக்கவும் மாட்டாள். அவள் வாசித்து ஒரு ரெக்கார்டு வந்ததில்லை. எங்களுக்கு முன்னால் பதினோரு பான்டில் இருந்திருக்கிறாள். பதினொன்றும் ஒரே மாதிரி முடிந்தன. பாட்டுகள் தயாராகும், பதிவு செய்யலாம் என்று நாள் குறிப்பார்கள், கிட்டார் வாசிக்கிறவனுக்கு அமெரிக்க விசா வந்துவிடும். இது ஹைதராபாத். இங்கே விசாவுக்கென்றே ஒரு சாமி இருக்கிறார். பதினோரு சுற்றுச் சுற்றி வேண்டிக்கொண்டால் விசா கிடைக்கும் என்று நம்பிக்கை. ஊரெல்லாம் கிடைக்க வேண்டும் என்று சுற்றும்போது, சந்தீப் பான்டில் சேர்ந்ததுமே அக்கா போய், அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று சுற்றிவிட்டு வந்தாள். அதை அவனிடமே சொல்லிப் பிரசாதமும் கொடுத்தாள்.

சாமி பெரும்பான்மை பக்கம் நின்றுவிட்டார். இரண்டு வருஷம் ஆனபோது ஒரு சனிக்கிழமை சந்தீப் காஜு கத்லி டப்பாவோடு வந்து நின்றான். முகத்தில் சிரிப்பு, கண்ணில் திருட்டு முழி. அக்கா டப்பாவை வாங்கினாள். ஒன்றை முழுதாக மென்று விழுங்கினாள். "நல்லா படிச்சு நல்லா இரு" என்றாள். பிறகு, "எத்தன சனிக்கிழம இருக்கு?" என்று கேட்டாள்.

"நாலு, அக்கா."

"ஒம்பது பாட்டு. நாலு சனி. போதும்" என்று சொல்லிவிட்டு அவள் பெடலுக்கு எண்ணெய் போட்டதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எப்படியாவது இந்த ரெக்கார்டு வந்துவிட வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்குமே அப்போது தோன்றியது.

இரண்டு சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனது. மூன்றாவது சனி ஒரு நல்ல ஸ்டுடியோ. பஞ்சு வைத்த சுவர், குளிரூட்டிய அறை, ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. அக்கா நாலு எண்ணினாள். பத்தாவது விநாடியில் நாங்கள் சிதறிவிட்டோம். நான் ஓடினேன், சந்தீப் பின்தங்கினான், இம்ரான் எங்கே நுழைவதென்று தெரியாமல் விழித்தான். மறுபடி, மறுபடி, மதியம் வரை இதே கதை. அக்காவின் அடி என் காதுக்குள் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் காலுக்குக் கீழே படி ஒன்று இல்லாதது போலவே இருந்தது. மேடைகளிலும் இப்படிச் சிதறியிருப்போம், அந்தக் கூச்சலில் தெரிந்திருக்காது.

ஒலிப்பதிவாளர் பொறுமைசாலி. நாங்கள் போனில் எடுத்து அனுப்பியிருந்த ஒத்திகைகளை மறுபடி போட்டுக் கேட்டார். "ஒன்பது பாட்டும் ஒரே வேகம். ஒரு நூல் கூடக் குறைய இல்லை. எங்கே பயிற்சி செய்வீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன். "பாலாநகரில் ஒரு ஷெட். பக்கத்தில் பிரஸ் ஓடும், அதனால் எங்கள் சத்தம்..." பாதியில் நின்றுவிட்டேன். என் காதில் 'தடங் தடங்' கேட்டது. சந்தீப்பும் இம்ரானும் தரையைப் பார்த்தார்கள். இரண்டு வருஷமாக நாங்கள் மூன்று பேரும் தாளம் பிடித்தது சுவருக்கு அந்தப் பக்கம் கீல் அடிக்கிற இயந்திரத்திடமிருந்து. அக்கா என்று ஒருத்தி நாலடி தூரத்தில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அக்கா குச்சிகளை மடியில் வைத்தாள். "ரெண்டு வருஷமா நீங்க என்னிய கேக்கவே இல்லியா?" என்றாள்.

அவள் சிம்பல்களைக் கழற்றி உறையில் போட்டாள். வீட்டுக்காரர் வந்து கல்லைத் தூக்கிக்கொண்டார். அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும், அன்றைக்குக் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் முடிந்திருக்கும். திங்கட்கிழமை மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"சனிக்கிழம ஒம்பதுக்கு ஷெட்டுக்கு வந்துரு. மைக்குக்கு இம்ரான்கிட்ட சொல்லியாச்சு. பிரஸ்ஸு ஓட ஓடவே எடுத்துரலாம்."

"கோவம் இல்லையாக்கா?"

"கோவம் கீது. நெறைய கீது. அதுக்கோசரம் ரெக்கார்டு வாணாமா? கைக்கு?"

கடைசிச் சனிக்கிழமை. திங்களன்று சந்தீப்புக்கு விமானம். ஒன்பது மணிக்கு பிரஸ் ஓட ஆரம்பித்ததும் நாங்களும் ஆரம்பித்தோம். அன்றைக்கு அக்காவுக்குள் ஆபீஸ் அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டின் நடுவில் நிறுத்தமாட்டாள், முடிந்த பிறகு ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு "ரிஜெக்ட்" என்பாள். என் விரல் ஒரு கம்பியை உரசிய சத்தத்துக்கு ஒரு ரிஜெக்ட். இம்ரான் இருமியதற்கு ஒரு ரிஜெக்ட். ஒரு பாட்டை ஆறு தடவை எடுத்தோம். பன்னிரண்டரைக்கு எட்டுப் பாட்டு தேறியது. ஒன்பதாவது, தண்ணீர் லாரிப் பாட்டு. நாலு எண்ணினாள்.

பாதிப் பாட்டில் பிரஸ் நின்றது.

அச்சு உடைந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கணத்தில் தெரிந்ததெல்லாம் சுவர் அதிர்வது நின்றுவிட்டது என்பதுதான். என் கை தானாக நின்றது. சந்தீப்பின் கை நின்றது. இம்ரான் வாயைத் திறந்தபடி நின்றான்.

அக்கா எங்களைப் பார்க்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அப்போதுதான் கேட்டேன். அது இயந்திரத்தின் அடியே இல்லை. ஒரு வரி முடிகிற இடத்தில் மயிரிழை முந்தினாள். அடுத்த வரிக்குத் திரும்பும்போது கொஞ்சம் பிடித்து வைத்துப் பிறகு விட்டாள். ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மில் பெரிய அடிகளுக்கு நடுவே காதோடு பேசுகிற மாதிரி சின்னச் சின்ன அடிகள் இருந்தன. இத்தனையும் தினம் வாசித்திருக்கிறாள், நாங்கள் பீரோக் கீலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு வாசிப்பின் பக்கத்தில் நிற்க எனக்கு என்ன தகுதி என்றிருந்தது.

எவ்வளவு நேரம் என்று அப்போது தெரியவில்லை. அவள் ஒரு சுற்று முடித்துத் திரும்பிய இடத்தில் நான் கம்பியில் விரலை வைத்தேன். அவள் முந்தினால் முந்தினேன், பிடித்தால் பிடித்தேன். சந்தீப் வந்து சேர்ந்தான். இம்ரான் விட்ட வரியிலிருந்து கத்தினான். அந்தப் பாட்டின் கடைசி முக்கால் நிமிடம் எந்த பிரஸ்ஸும் போக முடியாத வேகத்தில் போனது. தெருவெல்லாம் கேட்டிருக்கும். பக்கத்து ஷெட் ஆட்கள் கையில் கிரீஸோடு வாசலில் வந்து நின்றார்கள்.

முடிந்ததும் வாசலில் நின்றவர்களிடம் விசாரித்துவிட்டு நான்தான் பேசினேன். "மன்னிச்சுக்கோங்கக்கா. அது ரிஜெக்ட்டுதான். பிரஸ்ஸ ரெண்டரைக்குள்ள சரி பண்ணிருவாங்களாம். மறுபடி எடுப்போம்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டினாள். கேட்டாள். நாங்கள் விட்டுப்போன இடம் வந்தபோது, யாரும் பேசாமலே இருந்தும், சும்மா இருங்கள் என்று கையை உயர்த்தினாள். முடிந்ததும் மறுபடி அந்த இடத்துக்குப் போய்க் கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள்.

"மறுபடி எடுத்துரலாமாக்கா?"

"நக்கோ. பாஸ்."

எங்கள் மனசு நோகக் கூடாதென்று சொல்கிறாள் என நினைத்தேன். "நாங்க மூணு பேரும் பாதில நின்னது அப்படியே தெரியுதுக்கா. எங்களுக்காக விடாதீங்க. காலைலேருந்து இருமலுக்கே ரிஜெக்ட் பண்ணீங்க."

"உங்களுக்கோசரம் யாரு சொன்னா?" ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினாள். முகம் வியர்வையில் மின்னியது. "பன்னெண்டு பான்டு தம்பி. இத்தன வருசத்துல நான் வாசிக்கறது மட்டும் தனியா எனக்கே கேட்டது இல்ல. எப்பவும் மேல ஒருத்தன் கத்திக்கினு இருப்பான், ஒருத்தன் கிட்டார் இழுத்துக்கினு இருப்பான். இது ஒண்ணுதான் எனுக்குன்னு கீற எடம். இத்தயா வெட்டச் சொல்ற?"

கைப்பையைத் திறந்து முத்திரையை எடுத்தாள். ஒரு கணம் பார்த்துவிட்டு, "இது ஆபீஸுது" என்று உள்ளே வைத்தாள். பாட்டுப் பட்டியல் எழுதிய தாளில், ஒன்பதாவது பாட்டுக்கு எதிரே, பேனாவால் ஒரு வட்டம் போட்டு நடுவில் டிக் அடித்தாள்.

ரெக்கார்டு வெளியாகி ஏழு வருஷம் ஆகிறது. சந்தீப் டெக்சாஸில் இருக்கிறான். நான் சென்னைக்கு மாறிவிட்டேன். அக்காவுக்கு இப்போது நடப்பது பதினாலாவது பான்ட், விசா சாமியை மறுபடி சுற்றிவிட்டு வந்தாளாம். எங்கள் ரெக்கார்டின் அட்டையில் டிரம்ஸ் என்று போட்டு, பெயருக்குப் பதிலாக அந்தப் பேனா வட்டத்தை அச்சிட்டிருக்கிறோம். இணையத்தில் இன்றும் எங்கிருந்தாவது யாராவது கேட்கிறார்கள். போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார்: கடைசிப் பாட்டின் நடுவில் பதினேழு விநாடி டிரம்ஸ் மட்டும் வருகிறதே, மற்ற மூன்று பேரும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

கேட்டுக்கொண்டிருந்தோம் என்று பதில் எழுதினேன்.